ஹ்யூ பெரியப்பா வீட்டின் முறை

டெரிவோன்,
ஃபெர்மானா.
30 மார்ச் 2019, சனிக்கிழமை காலை

இயேசு மரி சூசை துணை

அன்பு மகள் பிரோனாவுக்கு அம்மா எழுதுவது. கடல் கடந்து பெர்த்தில் நீயும் மாப்பிள்ளை யூனனும் குட்டி ஊனாவும் சுகம் என்றே எடுத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைக்கிற பொறுமை இன்று எனக்கு இல்லை.

நேற்று நம் வீட்டுப் பூசைக்கு வந்திருந்தவர்கள்: பங்குச்சாமி லார்கன். நானும் அப்பாவும். பாலத்துக்கு இந்தப் பக்கம் அண்டை வீட்டு நூலா, அவள் புருஷன், மூன்று பிள்ளைகள்; மெக்கேப் அக்கா தங்கை இருவர். பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஷெரிடன் வீட்டார் ஆறு பேர். பால் டேங்கர் ஓட்டுகிற டொனல், வண்டியைத் தொழுவத்து வாசலில் நிறுத்திவிட்டு வந்தான். ஆகப் பதினேழு. பூசைக்குப் பதினேழு நாற்காலிதான் போட்டிருந்தேன். பதினெட்டாவது ஆள் மெர்வின் பீட்டி. ஆமாம் மகளே, நம் பக்கத்துப் பண்ணை மெர்வின்தான். எழுபத்தொரு வயதுவரை எங்கள் பூசை வாசனையே படாத புரோட்டஸ்டண்ட். பிறகுள்ள தேநீருக்கு இல்லை, பூசைக்கே! அது எப்படி என்று சொல்கிறேன், பொறு.

முதலில் ஒன்று. கிறிஸ்துமஸ் அன்று நீயும் அப்பாவும் போனில் பேசிக்கொண்டதை நான் மறக்கவில்லை. "பெர்த் போதும்ப்பா, பண்ணையை எங்ககிட்ட விடுங்க, பெரியப்பா வீட்டைச் சரிபண்ணிக் குடிவரோம்" என்று நீ கேட்டாய். "வந்து என்ன பண்ணப்போறே, சுங்கச்சாவடிக்குக் காவல் இருக்கவா?" என்று அவர் கத்தினார். நீ போனை வைத்தாய். அன்றிலிருந்து நீ கூப்பிட்டால் அவர் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுகிறார். அவர் நின்றுகொண்டிருக்கும்போது போனில் எதையும் சொல்ல முடியாது. அதனால்தான் கடிதம்.

அவர் பக்கத்திலும் கணக்கு இருக்கிறது. மாடும் கறவைக்கூடமும் இங்கே பிரிட்டனில். மேய்ச்சல் நிலத்தில் பாதியும் பெரியப்பா வீடும் பால் ஆலையும் பாலத்தைத் தாண்டி அயர்லாந்துக் குடியரசில். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனால் நடுவில் வேலி வருமா, வராதா? "அவங்க முடிவு பண்ணட்டும், அப்புறம் நான் முடிவு பண்றேன்." இதுதான் இரண்டரை வருஷமாக இந்த வீட்டில் காலை மாலை செபம்.

சாமி ஜனவரியில் நம் வீட்டுக்குத் தேதி குறித்தபோது நாள்காட்டியைச் சரியாகப் பார்க்கவில்லை. இருபத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை. நாடு ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டிய அதே நாள்! கடைசியில் அந்த நாளைத்தான் தள்ளி வைத்தார்களே தவிர, நம் பூசை தள்ளிப்போகவில்லை. நேற்று லண்டன் பாராளுமன்றத்தில் வெளியேறும் ஒப்பந்தத்துக்கு மூன்றாவது தடவை ஓட்டெடுப்பு. ஜெயித்தால் மே மாதம் வெளியேறுவது. தோற்றால் ஏப்ரல் பன்னிரண்டு கெடு. அதற்குப் பிறகு என்னவென்று எழுதியவர்களுக்கே தெரியாது.

வீட்டைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. வருஷத்துக்கு இரண்டு வீடு என்று பதினான்கு வீடு சுற்றி ஏழு வருஷத்துக்கு ஒரு முறை வருகிற பூசை, சுவர் கறுத்துக் கிடக்கலாமா? வெண்ணெய் நிறத்தில் நாலு டப்பா பெயிண்ட் எடுத்தேன். சமையலறைக்கு இரண்டு போயிற்று. நடைக்கென்று இரண்டை மாடிப்படிக்குக் கீழே வைத்து நோட்டில் எழுதினேன். இந்த இரண்டை நினைவில் வைத்துக்கொள். தவக்கால வெள்ளி என்பதால் இறைச்சி கிடையாது. முட்டை சாண்ட்விச், சால்மன் மீன், திராட்சை ரொட்டி. தொலைக்காட்சிப் பெட்டியைப் போர்வையால் மூடி, அதன்மேல் மாதா சுரூபத்தை வைத்தேன். ஓட்டெடுப்புச் சத்தம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அப்பாவுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

பூசை ஒன்றரைக்கு. மெர்வினை வழக்கம்போல் இரண்டரைக்குத் தேநீருக்கு அழைத்திருந்தேன். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? கோடை நேரத்துக்காக ஞாயிற்றுக்கிழமைதானே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளவேண்டும்? வியாழனே தள்ளி வைத்துவிட்டார். அவருக்கு இரண்டரை, எங்களுக்கு ஒன்றரை. சாமி சிலுவை அடையாளம் போட்டு வாயைத் திறக்கிறார், பின்கதவும் திறக்கிறது. கோட்டு, டை, கையில் துணி மூடிய பெரிய தட்டு. பின்னாலேயே ஷெரிடன் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். மெர்வின் நகர வழியில்லை. பாத்திர அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், தட்டைப் பிடித்தபடி, முழுப் பூசையும் நின்றார். முழங்கால் போடும் நேரத்தில் எல்லாரும் கீழே போக, அவர் மட்டும் கம்பம்போல் நிற்கிறார். நம் நாய் மூக்கைத் தூக்கிக்கொண்டு அவரையே சுற்றுகிறது. துணிக்குள் என்ன என்று எனக்கு அப்போதே நாசி சொல்லிவிட்டது. சுட்ட பன்றித் தொடை, ஹாம்! தேன் தடவி, கிராம்பு குத்தி! தவக்கால வெள்ளிக்கிழமை, பதினேழு கத்தோலிக்கர் நடுவில்! சாமி அப்பத்தைத் தூக்கிக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது சிரிப்பை அடக்க நான் பட்ட பாட்டை நாளை பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும்.

பூசை முடிந்ததும் அப்பா விடவில்லை. "ஏய்யா மெர்வின், வெளியே போறோம் வெளியே போறோம்னு ஓட்டுப் போட்டியே, என் சமையலறையை விட்டே உன்னால வெளியே போக முடியலையே!"

"நாட்டுக்கு முன்னாடி நான் ஒரு மணி நேரம் கிளம்பிட்டேன்யா. யாராவது ஒருத்தனாவது சொன்ன தேதியில கிளம்ப வேணாமா?" என்றார் மெர்வின். தட்டை என்னிடம் நீட்டி, "கொன்செப்டாம்மா, எனக்கென்ன தெரியும் இன்னிக்கு ஆகாதுன்னு? பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்ச் சாப்பிட்டா வெள்ளிக்கிழமை கணக்கு மாறாதா?" என்று கேட்டார். "போப்பாண்டவருக்குப் பாலம் கிடையாது மெர்வின்" என்று சாமி சொல்ல, மெக்கேப் தங்கைக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. ஹாமை இறைச்சி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

இரண்டேகால் ஆயிற்று. சாண்ட்விச் சுற்றி வருகிறது, ஆனால் யாருக்கும் பேச்சில் மனம் இல்லை. கண் எல்லாம் போர்வை மூடிய பெட்டிமேல். கடைசியில் சாமிதான் தொண்டையைச் செருமினார். "கொன்செப்டா, மாதாவைக் கொஞ்சம் நகர்த்தினா பாவமா?" நான் மாதாவைக் கையில் எடுத்ததுதான் தாமதம், நூலா போர்வையை உருவிவிட்டாள்.

உன் அம்மா பதினாலு வயதில் பள்ளியை விட்டவள். ஆனால் இந்த ஒப்பந்தத்தை ரேடியோ கேட்டும் பத்திரிகை படித்தும் வரி வரியாகத் தெரிந்து வைத்திருக்கிறேன். முட்டைக் கணக்கு எழுதுகிற நோட்டில், அடுத்த பக்கத்தில் ஓட்டுக் கணக்கு. முடிவு படிக்கிறவர் எழுந்ததும் நோட்டைத் திறந்து உட்கார்ந்தேன். ஆதரவு இருநூற்று எண்பத்தாறு. எதிர்ப்பு முந்நூற்று நாற்பத்து நாலு. மூன்றாவது தடவையும் தோல்வி!

மகளே, அந்தச் சத்தத்தை நீ கேட்டிருக்க வேண்டும். டொனல் எழுந்து நின்றுவிட்டான். "அப்போ பன்னண்டாம் தேதி என் டேங்கரை எங்க நிறுத்துறது? முன் சக்கரம் ஒரு நாடு, பின் சக்கரம் ஒரு நாடா?" என்கிறான். மெர்வின், "நாங்க கேட்டது கதவு. இவங்க மூணு தடவை கைப்பிடியைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறாங்க" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். வேண்டும் என்று ஓட்டுப் போட்டவரும் வேண்டாம் என்று போட்டவரும் ஒரே குரலில் ஒரே ஆட்களைத் திட்டியதை இந்த வீடு நேற்றுத்தான் முதன்முதலாகக் கேட்டது.

"கொன்செப்டா கணக்கு என்ன சொல்லுது?" என்று சாமி கேட்டார். படித்தேன். ஜனவரியில் இருநூற்று முப்பது ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. இரண்டாவது தடவை நூற்று நாற்பத்தொன்பது. இப்போது ஐம்பத்தெட்டு. "குறைஞ்சுகிட்டுத்தான் வருது. ஆனா இந்தக் கணக்குக்கு நம்ம ஆயுசு காத்திருக்குமான்னு தெரியல சாமி" என்றேன். சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெர்வின் கலாட்டாவில் சாமி ஒன்றை மறந்திருந்தார். புறப்படும்போதுதான் சட்டைப்பையிலிருந்து அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்தார். அடுத்த பூசை யார் வீட்டில் என்று வாசிப்பார்களே, அது. "அக்டோபர். ஹ்யூ மெக்மானஸ் வீடு" என்று வாசித்தார். வழக்கம் உனக்குத் தெரியும். பெரியப்பா போய் இருபத்தொன்பது வருஷமாகியும் அந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறது. அதை அடித்து நீக்க அப்பா விட்டதில்லை. பெயர் வரும்போது யாராவது மெதுவாக "அடுத்தது" என்பார்கள், சாமி அடுத்த வீட்டை வாசிப்பார். நேற்றும் மெக்கேப் அக்கா வாயைத் திறந்தாள்.

"அடுத்தது இல்ல" என்றார் அப்பா.

அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவங்க முடிவு பண்ணட்டும்னு உக்காந்திருந்தேன். அவங்களுக்கே வழி தெரியல. நான் யாருக்காகக் காத்துக் கிடக்கேன்? எழுதிக்குங்க சாமி. அக்டோபர்ல அந்த வீட்டுலதான் பூசை."

"பூட்டின வீட்டுல யாருய்யா டீ போடுவா?" என்றார் மெர்வின்.

"அதை பெர்த்துல இருக்கவங்களைத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு மாட்டுப்பக்கம் போய்விட்டார். சாமி பேனாவை எடுத்து எழுதினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இப்போது உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரியப்பா மாரடைப்பில் போனார் என்று சொல்லியிருக்கிறோம். அது உண்மை. மீதியைச் சொன்னதில்லை, உனக்கு அப்போது நாலு வயது. எல்லையை அடைக்க ராணுவம் நம் பாலத்தை உடைத்துப் போட்டிருந்த காலம். பிப்ரவரி மாதம், காலைக் கறவை நேரம். பெரியப்பா போன் செய்து, "ஃபெலிம், நெஞ்சை அடைக்குதுடா" என்றார். அப்பா ஆற்றங்கரைக்கு ஓடினார். வெள்ளம் இரு கரையும் புரண்டு போகிறது. எதிரே அண்ணன் வீட்டு ஜன்னலில் விளக்கு தெரிகிறது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். திரும்பி ஓடி வந்து காரை எடுத்து, பதினெட்டு மைல் சுற்றி, சோதனைச்சாவடி வரிசையில் நின்று, போய்ச் சேர்ந்தபோது விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பெரியப்பா இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று அவர் உன்மேல் கத்தவில்லை மகளே. உன்னை அந்தக் கரையில் வைத்து, தான் இந்தக் கரையில் நிற்பதாக நினைத்துக் கத்தினார்.

இன்று காலை மாடிப்படிக்குக் கீழே பார்த்தேன். நோட்டில் இரண்டு டப்பா, இருந்தது ஒன்று. இறைச்சி அலமாரி திறந்து கிடந்தது, மெர்வின் ஹாமைக் காணோம். சமையலறை ஜன்னல் வழியாகப் பாலத்துக்கு அப்பால் பார்த்தேன். பெரியப்பா வீட்டு ஜன்னல்கள் எல்லாம் விரியத் திறந்திருக்கின்றன. இரண்டு கிழவர்கள், ஒருவர் ஏணியில், ஒருவர் கீழே. கீழே நிற்பவர் கையில் தூரிகையைவிடப் பெரிதாக என்னவோ இருக்கிறது, மென்றுகொண்டே வழி சொல்கிறார். அது மெர்வின். ஏணியில் இருப்பவருக்கு முழங்கால் வலி என்று போன வாரம்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். இன்று இறங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேலி வருமா வராதா என்று நான் உனக்குச் சத்தியம் செய்ய முடியாது. லண்டனில் அறுநூற்றுச் சொச்சம் பேருக்குத் தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? அங்கே உங்கள் வேலையையும் குழந்தையையும் யோசித்துத்தான் நீங்கள் முடிவு செய்யவேண்டும். வரவில்லை என்றாலும் நீ என் மகள்தான். அக்டோபரில் நானே கெட்டிலைத் தூக்கிக்கொண்டு பாலம் தாண்டிப்போய்த் தேநீர் போட்டுக்கொள்வேன். ஆனால் அவர் ஒரே ஒரு அறையோடு நிறுத்துவாரா, மாடி அறையையும் பூசவேண்டுமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு டப்பாதான் மிச்சம் இருக்கிறது.

லண்டன்காரர்களுக்குக் கெடு ஏப்ரல் பன்னிரண்டு. உனக்கு நான் வைக்கிற கெடு உயிர்ப்பு ஞாயிறு. எழுத நேரமில்லை என்றால் போன் செய். அப்பா எடுத்தால் வைத்துவிடாதே. அவரும் வைக்க மாட்டார், அதற்கு நான் பொறுப்பு. மாதா உங்கள் மூவரையும் தன் போர்வைக்குள் வைத்துக் காப்பாளாக.

சீக்கிரம் பதில் சொல்.

உன் அம்மா
கொன்செப்டா மெக்மானஸ்