ஒன்பதாவது முடிச்சு

போர்த்வென்னா, கார்ன்வால், இங்கிலாந்து
8 அக்டோபர் 1978, ஞாயிறு

அன்புள்ள தங்கை சிசிலிக்கு,

வெள்ளிக்கிழமை நான் கொடுத்த தந்தி உன்னைப் பயமுறுத்தியிருக்கும். 'கயிற்றை நெருப்பில் போடாதே. கடிதம் வருகிறது.' ஐந்தே சொற்கள். காரணத்தைத் தந்தியில் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தாலும் தபால் நிலையத்தில் பென்சிலோடு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

உறைமேல் இருக்கும் கோழிக் கிறுக்கலைப் பார்த்து யார் எழுதியது என்று நினைத்திருப்பாய். நான்தான். இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டு முறிந்து ஐந்து வாரம் ஆகிறது. மாவுக்கட்டு இருபதாம் தேதி பிரிக்கப்படும். உனக்கு எழுதாததற்குக் காரணம் கூச்சம்தான். இப்போது கூச்சப்பட நேரமில்லை.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை காலைத் தபாலில் வந்தது. ஆஸ்திரேலியா போயும் ஹோபார்ட்டில் நம்முடையதைப் போல ஒரு மந்திர வட்டத்தில் சேர்ந்துவிட்டாய், அங்கே அக்டோபர் கடைசியில் வசந்தத் தீ மூட்டுவார்கள், பழைய வாழ்க்கைக்கு ஒரு முடிவு கட்ட நம் கயிற்றை அந்தத் தீயில் போடப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். இங்கே நாங்கள் இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் அதே நாளில் உங்களுக்கு வசந்தம் என்பதைப் படித்துச் சிரித்தேன். பிறகு பக்கத்தைத் திருப்பினேன். வலது கையின் ஆட்காட்டி விரலில் தொடங்கிய மரத்துப்போதல் உள்ளங்கை வரை வந்துவிட்டது, ஊசி குத்தினாலும் தெரியவில்லை, நவம்பர் பத்தாம் தேதி கீறிப் பார்ப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்று ஏதோ பல்வலியைப் போல எழுதியிருந்தாய். அந்த வரியை நான் நின்றுகொண்டே மூன்று தடவை படித்தேன்.

இனி நான் எழுதுவதை உட்கார்ந்து படி. உனக்குத் தெரிந்ததையும் வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் தெரியாத ஒன்று அதற்குள் இருக்கிறது.

சென்ற ஆண்டு பிப்ரவரியில், உன் விலா எலும்பை உன் கணவன் ஜாகோ மூன்றாவது முறையாக முறித்தபின், நம் வட்டம் என் சமையலறையில் கூடியது. விக்கா என்னும் இந்தப் பழைய மந்திர வழியில் வந்த நாள்முதல் நாம் மீறாத ஒரு கட்டளை உண்டு. யாருக்கும் கேடு செய்யக்கூடாது. செய்தால் அது மும்மடங்காகச் செய்தவரிடமே திரும்பும். அதனால் ஆளைக் கட்டாமல் செயலை மட்டும் கட்டுவது என்று முடிவானது. அவன் கை உன்மேல் படாதிருக்க வேண்டும், அவ்வளவுதான். கோபத்தில் ஒரு சொல் வழுக்கிவிடக் கூடாது என்பதற்காக ஒன்பது முடிச்சுக்கும் உரிய சொற்களை முன்கூட்டியே எழுதி எல்லோருக்கும் வாசித்துக் காட்டியவள் நான். ரொட்டிக்கடை லவ்டேகூட, "உர்சுலாக்கா, இது மந்திரமா, வக்கீல் நோட்டீசா?" என்று கிண்டல் செய்தாள்.

கயிற்றில் முடிச்சுப் போட்டவள் நான். காக்கப்பட வேண்டியவள் ஒவ்வொரு முடிச்சின் மேலும் விரலை வைத்து அழுத்த வேண்டும் என்பது வழக்கம். நீ அழுத்தினாய். எட்டு முடிச்சுகளை எழுதியபடி சொல்லிப் போட்டேன். ஒன்பதாவதைப் போடும்போது நீ மூச்சை இழுத்தாய். விலா குத்தியிருக்க வேண்டும். வாயை இறுக மூடிக்கொண்டு, அழாமல், விரலை எடுக்காமல் நின்றாய். அதைப் பார்த்தேன். என் உதடு எழுதி வைத்த சொற்களைத்தான் சொன்னது. மனத்துக்குள் நான் சொன்னது வேறு. அந்தக் கை விளங்காமல் போகட்டும் என்று சொன்னேன், சிசிலி. முழுப் பலத்தோடு இழுத்து முடிச்சை இறுக்கினேன். உன் விரல்நுனி உள்ளே சிக்கி, நீ மெதுவாக உருவி எடுத்தாய்.

கயிற்றை நீ எடுத்துக்கொண்டு கப்பலேறினாய். நாற்பதாம் நாள் ஜாகோ மெதடிஸ்ட் கோயில் கூரையில் சிலேட்டு ஓடு மாற்றும்போது விழுந்தான். தோளுக்குள் நரம்பு அறுந்து வலது கை தொங்கிப் போயிற்று.

வட்டத்தில் எல்லோரும் என் கையைப் பிடித்து முத்தமிட்டார்கள். நம் கட்டு பலித்தது, அவன் செய்ததே அவனுக்குத் திரும்பியது என்றார்கள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு அந்தப் பெருமையை வாங்கிக்கொண்டேன். சொன்ன சொல்லைவிட இது எனக்கு அதிகம் உறுத்துகிறது. ஒரு நிமிடம் வாய் திறந்திருந்தால் அன்றைக்கே உன்னிடமிருந்து கயிற்றைக் கேட்டு வாங்கியிருக்கலாம். பதினெட்டு மாதம் பேசாமல் இருந்தேன்.

இந்த ஊரில் கூரை வேலை தெரிந்தவன் ஜாகோ ஒருவன்தான் என்பது உனக்குத் தெரியும். போன குளிர்காலத்தில் என் வீட்டுக் கூரையில் ஐந்து சிலேட்டு பெயர்ந்தது. ஏறிப் பார்க்க ஆள் இல்லை. ரெட்ரூத்திலிருந்து ஒருவன் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஜனவரியில் அலமாரிக்குப் பின்னால் தண்ணீர் இறங்கி, முப்பது வருடமாக நான் கையால் எழுதி வந்த நம் வட்டத்தின் புத்தகம் நனைந்து மசி எல்லாம் ஒன்றாகிவிட்டது. என்னவர் அம்ப்ரோஸ் இறந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. செப்டம்பரில் அதே ஒழுகல் நீர் மாடிப்படியில் தேங்கி, நான் வழுக்கி விழுந்தேன். வலது கை.

படியின் அடியில் கிடந்தபோதுதான் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, புத்தகம். இரண்டு, என் கை. மூன்றாவது எங்கே என்று ஒரு மாதம் காத்திருந்தேன். எனக்குத்தான் வரும் என்று நினைத்தேன். வந்தால் வரட்டும் என்று தயாராகவும் இருந்தேன். முடிச்சுக்குள் இருந்த உன் விரல் எனக்கு நினைவுக்கு வரவில்லை, வெள்ளிக்கிழமை வரை.

கூரை ஒழுகினால் படி வழுக்கும், விழுந்தால் எலும்பு முறியும், அறுபது வயதில் நரம்பு தளரும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்காமல் இல்லை. என் மூளை இன்னும் சரியாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் நான் சொன்னதைச் சொன்னேன். எதனால் எது வந்தது என்று வாதாடிக்கொண்டிருக்க உன் கை ஒன்றும் நீதிமன்றம் இல்லை.

மாவுக்கட்டோடு முதலில் போனது ஜாகோவிடம். நீ முகம் சுளிப்பாய் என்று தெரியும். கதவைத் திறந்தவன் என் கையைப் பார்த்துவிட்டு, "என்ன மைத்துனி, நீயும் ஒத்தக் கை ஆயிட்டியா? வா, ரெண்டு பேரும் சேர்ந்து கைதட்டலாம்" என்றான். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவனிடம் மன்னிப்புக் கேட்பது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதப் போவதில்லை. அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். "உன் கயிறுதான் என்னைத் தள்ளிச்சா? அப்போ அன்னிக்குக் காலையில நான் குடிச்ச நாலு குவளை சைடரு என்ன பண்ணுச்சு, சும்மா நின்னு வேடிக்கை பாத்துச்சா?" என்றான்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டான். சொல்ல மாட்டேன் என்றேன். இடது கையால் மேசையில் ஒரு அடி அடித்தான். தட்டு கீழே விழுந்து உடைந்தது. அந்தக் கைக்கும் பலம் குறைவில்லை, சிசிலி. இதை உனக்கு மறைக்கமாட்டேன். அவன் திருந்தவில்லை. ஆனால் அவன் காலணிக் கயிறு அவிழ்ந்து தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. அதை அவனால் கட்ட முடியவில்லை. நான் குனிந்து கட்டினேன். எனக்கும் ஒரு கைதான் என்பதால் அவன் ஒரு முனையைப் பிடித்தான். செவ்வாயும் வெள்ளியும் போய் ரொட்டி அறுத்துக் கொடுத்துவிட்டு, காலணி கட்டிவிட்டு வருகிறேன். அவனைப் பிடித்துப் போனதால் இல்லை. நான் கெடுத்த கை அது.

வட்டத்திடம் நேற்று மதியம்தான் சொன்னேன், லவ்டேயின் ரொட்டிக் கடைப் பின்கட்டில். குங்குமப்பூ ரொட்டி வேகும் வாசனையில் நின்றுகொண்டு முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். லவ்டே மாவுக் கையோடு என்மேல் பாய்ந்தாள். "அக்கா, அவன் சிசிலி விலாவை ஒடச்சானே, மூணு தடவை, அப்போ இந்த மும்மடங்கு எங்க போச்சு? கியூவுல நின்னுச்சா? அவனுக்கு வரவேண்டியது வந்துச்சு, நீங்க எதுக்கு நடுவுல வந்து ஒப்பாரி வைக்கிறீங்க?" என்றாள். அவனுக்கு வரவேண்டியதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற தபால்காரியாக என்னை யாரும் நியமிக்கவில்லை என்றேன். வட்டச் சடங்கில் நான் ஏந்தும் கறுப்புப் பிடிக் கத்தியை உறையோடு அவள் மேசையில் வைத்தேன். கட்டளையை மீறியவள் ஓராண்டும் ஒரு நாளும் வட்டத்துக்கு வெளியே நிற்க வேண்டும் என்று எழுதி வைத்தவளே நான்தான். கத்தியை வாங்கிக்கொண்டு லவ்டே அழுதாள். அவள் அழுதால் மூக்கு சிவக்கும், பார்க்கச் சகிக்காது.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

கயிறு நெருப்பில் விழுந்தால் அதிலிருக்கும் முடிச்சு என்றென்றைக்கும் முடிச்சாகவே நின்றுவிடும், பிறகு யாராலும் அவிழ்க்க முடியாது. உனக்கும் இது தெரியும். எட்டு முடிச்சு சுத்தமானவை, அவை எரிந்து நிலைத்தால் நல்லதுதான் என்று நீ நினைத்திருப்பாய். ஒன்பதாவது என்னவென்று உனக்குத் தெரியாது. முடிச்சைப் போட்ட கைதான் அவிழ்க்க வேண்டும், கடைசியில் போட்டதை முதலில் அவிழ்க்க வேண்டும். ஆகையால் மற்ற எட்டையும் தொடாமல் அந்த ஒன்றை மட்டும் என்னால் அவிழ்க்க முடியும். பதிவுத் தபாலில் அனுப்பு. என் பெயருக்கு வேண்டாம். ஜாகோ சில நாட்களாகத் தபால் வண்டி வரும் நேரத்தில் தெருமுனையில் நிற்கிறான். லவ்டேயின் கடைக்கு அனுப்பு. உன் முகவரியை உறையின் பின்னால் எழுதாதே. உன் பழைய உறைகளை எல்லாம் நான் அடுப்பில் போட்டுவிட்டேன்.

நான் உன்னிடம் என்ன கேட்கிறேன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் கயிற்றைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் கப்பலில் ஆறு வாரமும் தூங்கினாய். ஒன்பதாவதை அவிழ்த்தால் அவன் கைக்கு உயிர் வரலாம். நரம்பு செத்துவிட்டது, வராது என்கிறார் ட்ரூரோ மருத்துவர். வந்தால், அது உன்னை அடித்த அதே கை. அதை உன்னிடம் சொல்லாமல் கயிற்றைக் கேட்டால், நான் இரண்டாம் முறையாக உனக்குத் தெரியாமல் உன் விரலை ஒரு முடிச்சுக்குள் வைத்தவளாவேன். அதனால் சொல்லிவிட்டேன். முடிவு உன்னுடையது. அனுப்ப மனமில்லையென்றால் உன்னிடமே வைத்துக்கொள், நான் ஒரு சொல்லும் குறை சொல்லமாட்டேன். மருத்துவரிடம் போவதையும் நிறுத்தாதே. கயிறு வேறு, மருத்துவரின் கத்தி வேறு. ஆனால் நெருப்பு மட்டும் வேண்டாம்.

இன்னும் ஒன்று. இடது கையால் எழுதுவது எவ்வளவு வலிக்கிறது என்று இந்த ஐந்து வாரத்தில்தான் தெரிந்தது. பென்சான்ஸ் கான்வென்ட்டில் நீ இடது கையால்தான் எழுதுவாய். சிஸ்டர் பெனடிக்ட் வகுப்பில் அது ஒரு வாரம் யாருக்கும் தெரியவில்லை, நீ அவ்வளவு கெட்டிக்காரியாக மறைத்தாய். பிறகு ஒரு நாள் அளவுகோலால் உன் விரல்களில் பன்னிரண்டு அடி விழுந்தது. அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் வலது கைதான், என் சமையலறையில் முடிச்சை அழுத்தியதும் அந்தக் கைதான். சிஸ்டருக்குச் சொன்னது யார் என்று நீ என்னிடம் ஒருபோதும் கேட்டதில்லை. நன்னடத்தைப் பதக்கம் எனக்குக் கிடைத்தது. அது இன்னும் என் இழுப்பறையில் இருக்கிறது.

அன்றிரவு விடுதிக் கட்டிலில் உன் விரல்களை என் இரண்டு கைக்குள்ளும் வைத்து ஊதிக்கொண்டிருந்தேன், நினைவிருக்கிறதா? அக்கா ரொம்ப நல்லவள் என்று நீ சொன்னாய்.

இருபதாம் தேதி மாவுக்கட்டைப் பிரித்ததும் தினமும் வெந்நீரில் விரல்களை மடக்கி நீட்டிப் பழகப் போகிறேன். நான் இறுக்கிய முடிச்சு, எளிதில் அவிழாது. கை தயாராக இருக்க வேண்டும்.

அந்த விரலை ஏதாவது எண்ணெய் தடவிச் சூடாக வைத்துக்கொள். இரவில் கையுறை போட்டுக்கொள். நமக்குத் தாயான நிலா அங்கேயும் அதே நிலாதான். அவள் உன்னைக் காக்கட்டும். நீ விரும்பும் கையால் எனக்கு நான்கு வரி எழுது.

ஆசியுடன்,
உன் அக்கா,
உர்சுலா