சோதினை முடியட்டும்

ஸ்கீவ, டென்மார்க், 9 மே 1988
இன்றைக்கும் ஆங்கிலம். வாய்மொழிப் பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம். நல்ல புள்ளி வந்தால்தான் தாதிப் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம். மட்டக்களப்பு ரியூஷனில் பழகியபடி ‘என் அம்மா’ கட்டுரையை மூச்சுவிடாமல் ஒப்புவித்தேன். டீச்சர் சிரித்தார். பாடமாக்காதே, உன் கதையைச் சொல் என்கிறார். என் கதை என்ன? அம்மாவை இங்கே எடுக்க மனுப்போட்டு ஒரு வருடத்துக்கு மேல். தமிழர்களின் மனு ஒன்றும் அசைவதில்லை. அவ்வளவுதான் கதை.

20 மே
அப்பா சவரம் செய்வதில்லை. மீன், இறைச்சியும் விட்டுவிட்டார். இறைச்சித் தொழிற்சாலையில் நாள் முழுக்கப் பன்றி வெட்டுகிற மனிதர்! கேட்டால், “உன்ர சோதினைக்கு நேர்த்திக்கடன், மகள்” என்கிறார். கூச்சமாக இருந்தது, பெருமையாகவும்.

27 மே
அம்மாவுக்குப் போன் எடுக்கக் கேட்டேன். “லைன் இல்லை. சோதினை முடியட்டும்.” அப்பாவின் சிநேகிதர் செல்வரட்ணம் மாமா வந்திருந்தார். என்னைக் கண்டதும் இருவரும் கதையை நிறுத்தினார்கள். மனுவில் ஏதோ நல்ல செய்தியாக்கும்.

8 யூன்
பத்துப் புள்ளி! பத்து! சீட்டு இழுத்தேன், ‘வீடு’ என்ற தலைப்பு வந்தது. பாடமாக்கியதெல்லாம் பறந்துவிட்டது. உன் வீட்டில் யார் யார் என்று வெளியூர்ப் பரீட்சகர் கேட்டார். அம்மாவைப் பற்றிச் சொன்னேன். கோபம் வந்தால் பாட்டுப் பாடுவார், இந்தக் குளிரைக் கண்டால் என்னைத்தான் திட்டுவார் என்றேன். டீச்சர் கண்ணைத் துடைத்தார். என் ஆங்கிலம் ஒரு டேனிஷ்காரியை அழவைத்திருக்கிறது!

அதே நாள், பின்னேரம்
மே பதினாலாம் திகதி. சந்தையில் வெடிபட்டு.

“சோதினை எடுக்கிற பிள்ளைக்கு இழவு சொல்லக்கூடாது, மகள். ஊரில அப்பிடித்தானே.”

மாமாவுக்குத் தெரியும். டீச்சருக்கும் தெரியும், மாமாதான் போய்ச் சொன்னாராம். நான் மட்டும் அங்க இருந்து, அம்மா பாடுவா, அம்மா திட்டுவா எண்டு— ஐயோ, செத்த அம்மாவைக் காட்டியெல்லோ புள்ளி வாங்கினனான். எனக்கு ஏன் சொல்லேல்ல? ஆருக்கு வேணும் இந்தப் பத்து?

10 யூன்
அப்பாவோடு கதைப்பதில்லை.

3 மே 1989
கிடப்பில் கிடந்த மனுக்களை மறுபடி எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு எங்களை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அம்மாவின் மரணத்தை இங்கே அறிவிக்க அப்பாவுக்குப் பாஷை இல்லை, எனக்கு மனம் வரவில்லை. அம்மாவுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று அதிகாரி எங்கள் இருவருக்கும் கைகொடுத்தார். எப்போது வருகிறார் என்று கேட்டார்.

“சொல்லு மகள்,” என்றார் அப்பா.

வாக்கியம் முழுசாக என் நாக்கில் இருந்தது. சொல்லவில்லை. மறைக்கத் தெரிந்தவர் அவர், அவரே சொல்லட்டும்.

“மின் கோன... மின் கோன...” என் மனைவி, என் மனைவி. அதற்கு மேல் அப்பாவுக்கு டேனிஷ் வரவில்லை. அதிகாரி சிரித்த முகத்தோடு காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.