தீர்த்தம் ஊற்றிய குழாய்

டீசல் வாசத்தோடு வீடு திரும்பும் என் அன்பு அப்பாவுக்கு,

அங்கே மோட்சத்தில் உங்களுக்கு லொறி கொடுத்தார்களா? கொடுத்திருக்க மாட்டார்கள், சத்தம் தாங்காமல் சம்மனசுகள் முறைப்பாடு செய்திருக்கும். இங்கே தோட்டவெளியில் ஒரு புதினம். பின்வேலிக்கு அப்பால் கிடக்கும் பழைய எரிபொருள் களஞ்சியத்துக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் கிணறு தோண்டியிருக்கிறார்கள்.

கிணறு என்றதும் வாளியைத் தேடாதீர்கள். என் கை மட்டும் நுழையக்கூடிய ஒரு குழாய்தான். கண்காணிப்புக் கிணறாம், குடிக்கத் தண்ணீர் தராது, நிலத்தடியில் எண்ணெய் கசிந்ததா என்று தகவல் தரும். கண்காணிக்கத்தான் பக்கத்து வீட்டுச் சூசை மாமா இருக்கிறாரே, இது எதற்கு என்று கேட்டேன். அம்மா அகப்பையைக் காட்டினார்.

நம் கிணற்றுத் தண்ணீர் டீசல் மணக்கிறது என்று நீங்கள் அதை மூடிய நாள் நினைவிருக்கிறதா? சூசை மாமா வேலியால் எட்டிப் பார்த்து, "லொறி ஓட்டுறவனுக்கு மல்லிகையும் டீசல்தான் மணக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நீங்களும்தான். ஆனால் அந்தத் தண்ணீரில் எங்களை வாய் கொப்பளிக்கவும் விடவில்லை. லொறியிலேயே பிளாஸ்டிக் கான்களில் நல்ல தண்ணீர் கொண்டுவந்தீர்கள்.

இப்போது கொண்டுவர யார் இருக்கிறார்கள்? "அப்பா பிழையா நினைச்சாரோ தெரியேல்லை, பிள்ளை. கிணத்தைத் திறப்பம்" என்று அம்மா சொல்லத் தொடங்கியிருந்தார். அந்த நேரத்தில்தான் இந்தக் குழாய்க் கிணறு தோண்டுகிறவர்கள் வந்தார்கள்.

துளையிட்டு, அடியில் கீறல்கள் உள்ள குழாயை இறக்கி, சுற்றிலும் மணல் போட்டார்கள். அதன்மேல் களிமண், பிறகு சீமெந்து. குழாய் மூட்டுக்குப் பசைகூடப் பூசவில்லை. பசை கலந்தால் தண்ணீர் பொய் சொல்லுமாம். கடைசியில் உள்ளே கலக்கிக் கலக்கி, தெளியும்வரை இறைக்க வேண்டும். பாதி இறைத்துவிட்டு அவர்கள் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தபோது அம்மா வெறும் போத்தலோடு குழாயடியில் நின்றார்.

"என்னம்மா செய்தனீங்கள்?" என்றார் அந்த வேலைக்குப் பொறுப்பாக வந்த அக்கா.

"புதுக் கிணறு, பிள்ளை. கோவில் தீர்த்தம் விடாமல் ஆராவது இறைப்பினமோ?"

"எவ்வளவு விட்டனீங்கள்?"

"முழுப் போத்தலும். அடி தெரியேல்லையே."

அக்கா நெற்றியில் கைவைத்தார். "இதுக்கை வெளித்தண்ணி ஒரு துளியும் போகக்கூடாது, அம்மா. இனித் திரும்பவும் இறைக்கவேணும்."

"பரிசோதனையில பரிசுத்தம் எண்டு வந்தால் யோசியாதேங்கோ, அக்கா" என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பின்னேரம் முழுக்க இறைத்தார்கள். முதலில் சேறு வந்தது. பிறகு கலங்கல். தண்ணீர் தெளிந்த பிறகுதான் அந்த மணம் தெளிவாக வந்தது. "ஆய்வுகூடம் சொல்லட்டும்" என்றார் அக்கா, மூக்கைச் சுருக்கிக்கொண்டு. வேலியடியில் நின்ற சூசை மாமாவும் ஒருமுறை மோந்து பார்த்தார். பிறகு, "நாளையில இருந்து தண்ணிக் கானை நான் கொண்டு வாறன்" என்றார்.

நீங்கள் சொன்னது சரி, அப்பா. துள்ளிக் குதித்து சூசை மாமாவைப் பழிக்கத்தான் வாய் திறந்தேன். ஆனால் அம்மா கண்ணை மூடி நின்றார். "அப்பா வேலையால வந்து வாசல்ல நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நாங்கள் இருவரும் திரும்பி வாசலைப் பார்த்தோமே, அதை நீங்கள் பார்த்தீர்களா?

ஒருநாள் நிலத்தைத் துப்புரவாக்குவார்களாம், இந்த மணமும் போய்விடுமாம். போகத்தான் வேண்டும். அதுவரை நம் கிணற்று மூடியில் யாரும் கைவைக்க விடமாட்டேன். மாதிரி எடுக்க அவர்கள் வரும்போதெல்லாம் உங்களுக்காகவும் சேர்த்து அந்தக் குழாயடியில் மூச்சு இழுப்பேன். மணமில்லை என்று அவர்கள் சொல்லும் நாளில், நம் கிணற்றில் முதல் வாளியை நானே அள்ளி, அம்மாவுக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுப்பேன். உங்களுக்கும் ஒரு கோப்பை கூடவே ஊற்றிவைப்பேன்.

உங்கள் வாயால் மட்டும் 'குரங்கு' என்று கூப்பிடக் கேட்க ஆசைப்படும்,
உங்கள் கடைக்குட்டி மகள்