ரெண்டாவதாக வரும் பெயர்

புதன், இரவு

கோபம் இன்னும் அடங்கவில்லை. பேராசிரியர் பதவி உயர்வு எனக்கு இல்லையாம். நேர்காணல் குழுத் தலைவர் வேதியியல்காரர்; அவர்கள் துறையில் அதிகம் உழைத்தவர் பெயர்தான் முதலில் வரும். என் கட்டுரைப் பட்டியலைப் புரட்டிவிட்டு, "ஒரு பேப்பர்லகூட உங்க பேரு முதல்ல இல்லையே, எல்லாத்திலும் ரெண்டாவதுதானே?" என்றார்.

பிரபஞ்சவியல் கோட்பாட்டில் நாங்கள் உழைப்பைப் பார்த்துப் பெயர் போடுவதில்லை, ஆங்கில அகரவரிசையில்தான் போடுவோம் என்றேன். அதில் என்னோடு சேர்ந்து எழுதும் ஆபிரகாமின் பெயர் முன்னால் வரும், என் பெயரிலுள்ள வேலாயுதம் பின்னால்தான் வரும். "ரூல்ல அப்படி ஒண்ணும் இல்லையே" என்று அடுத்த தாளுக்குப் போய்விட்டார்.

அதே கட்டுரைகளோடு எனக்குப் பின்னால் உள்ளே போன ஆபிரகாமுக்குக் கிடைத்துவிட்டது. இருண்ட பொருள் எப்படித் திரள்கிறது என்ற கணக்கை எட்டு மாதம் உட்கார்ந்து போட்டவள் நான். அவன் எழுதியது முன்னுரை. நீயாவது அதை உள்ளே சொன்னாயா என்று அவனைக் கேட்டேன்.

"அவரு கேட்டில்லல்லோ தேவகி. பின்னே நானா போய்ச் சொல்லணுமா?" என்று தன் மலையாளம் கலந்த தமிழில் சொல்லிச் சிரித்தான். சிரித்தான்!

சாயங்காலம் அப்பா சாலைச் சந்தையில் இருக்கும் தன் கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு, அல்வாப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

"என்ன மக்ளே, கெடைச்சுதா?"

"இல்லப்பா."

"ஏனாம்?"

வேலாயுதம் என்பது அவர் பெயர். என் பெயருக்குப் பின்னால் நானே ஆசையாகச் சேர்த்துக்கொண்டது. அந்தப் பெயரால்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அவங்களுக்குப் படிக்கத் தெரியலப்பா" என்றேன்.