கட்சி மாறிய எம்.எல்.ஏ.வின் மகள் எழுதுவது

என் அருமை அப்பாவுக்கு,

பாகூர் ஏரி இந்த வருஷம் நிரம்பிவிட்டது. தம்பி கரும்பை விட்டுவிட்டான், இப்போது நெல் மட்டும்தான். வெட்ட ஆள் கிடைப்பதில்லையாம். ஊரில் தேர்தல் பேச்சு தொடங்கியாயிற்று. ஒரே ஒரு முறை சட்டசபைக்குப் போய்வந்த உங்களை இப்போது யார் நினைக்கிறார்கள்? நினைக்கிற சிலரும், "கட்சி மாறினாரே, அவரா?" என்றுதான் கேட்கிறார்கள்.

நீங்கள் ஜெயித்தபோது எனக்கு விவரம் தெரிகிற வயது. எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. நீங்கள். துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் நின்றபடியே புதுச்சேரிக்குப் போவீர்கள்.

அந்த ஐப்பசியில் தெற்குத் தெரு அஞ்சலைக்குப் பிரசவ வலி எடுத்தது. கடலூர் ஆஸ்பத்திரிதான் பக்கத்தில் இருந்தது, ஆனால் நடுவில் ஆற்றில் வெள்ளம். மாட்டு வண்டியைப் புதுச்சேரிப் பக்கம் திருப்பினார்கள். நீங்கள் வண்டிக்குப் பின்னாலேயே நடந்தீர்கள். அரியாங்குப்பம் வருவதற்குள் அவள் உயிர் போய்விட்டது. குழந்தையும் தங்கவில்லை. திரும்பி வந்து சேற்றுக் காலோடு வாசலில் உட்கார்ந்தீர்கள். அம்மா வைத்த தண்ணீரைத் தொடவே இல்லை.

ஊருக்குப் பிரசவமும் பார்க்கிற ஓர் ஆஸ்பத்திரி கேட்டு மந்திரிகளிடம் அலைந்தீர்கள். எதிர்க்கட்சிக்காரர் பேச்சை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? பிறகு ஒருநாள் அவர்கள் ஆட்சியே ஆட்டம் கண்டது. உங்கள் ஒரு ஓட்டு இல்லாமல் தாங்காது என்ற நிலை. நம் வாசலில் கார் வந்து நின்றது.

"எங்க பக்கம் வந்துடுங்க. மந்திரி ஆக்கறோம்" என்றார்கள்.

"பதவி வாணாங்க. எங்க ஊருக்கு ஆஸ்பத்திரி வோணும். வேல ஆரம்பிக்கட்டும், வரேன்" என்றீர்கள்.

கார் போனதும் அம்மா அழுதாள். "ஓட்டுப் போட்டவங்க மூஞ்சியில எப்பிடிங்க முழிப்பீங்க?"

"முழிக்க முடியாதுதான். ஆனா இன்னொருத்தி வண்டியில சாவக்கூடாது."

அஸ்திவாரம் தோண்டினார்கள். நீங்களும் கட்சி மாறினீர்கள். உங்களுக்காகச் சுவரெல்லாம் பெயர் எழுதிய கலியபெருமாளே உங்கள் உருவபொம்மைக்குச் செருப்பு மாலை போட்டு, நம் வீட்டெதிரில் கொளுத்தினார். அடுத்த தேர்தலில் டெபாசிட்டும் போயிற்று. கட்டடம் திறந்தபோது வேறு ஆட்சி. உங்களை யாரும் அழைக்கவில்லை. பந்தலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்து, "கட்டிலெல்லாம் நல்லா போட்டுருக்கான்" என்று மட்டும் சொன்னீர்கள். அதற்குப் பிறகு வயலும் வீடுமாகவே இருந்துவிட்டீர்கள்.

கடைசிக் காலத்தில் ஒருநாள் கேட்டீர்கள்: "நான் செஞ்சது துரோகமாம்மா?"

"இல்லப்பா" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். நீங்கள் நம்பவில்லை. இப்போது யோசித்தால், அத்தனை சுலபமாகச் சொல்லிவிட முடியவில்லை. நம்பி ஓட்டுப் போட்டவர்களின் கோபம் பொய்யில்லை. அஞ்சலையின் சாவும் பொய்யில்லை. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் எப்படிப்பா தூங்கினீர்கள்?

போன மாதம் பிரஷர் மாத்திரை வாங்க அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வராந்தாவில் கலியபெருமாள் உட்கார்ந்திருந்தார். நன்றாகத் தளர்ந்துவிட்டார். மடியில் துணி சுற்றிய குழந்தை.

"இங்க வா கஸ்தூரி. கொள்ளுப்பேத்தி. காலையிலதான் பொறந்தா."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் குழந்தையின் துணியைச் சரிசெய்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"ஒங்கப்பா இன்னிக்கி எழுந்து வந்து கேட்டாலும் ஓட்டு போடமாட்டேன். ஆமா, சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுக் குழந்தையை என்னிடம் நீட்டினார்.

"தூக்கு. தலைய புடிச்சித் தூக்கு."

தூக்கிக்கொண்டேன் அப்பா. நல்ல கனம்.

உங்களுக்காக இனி யாரிடமும் வாதாடப் போவதில்லை. கேட்கிறவர்களுக்கு நடந்ததை நடந்தபடியே சொல்வேன், கட்சி மாறியதையும் சேர்த்து. இது சத்தியம்.

என்றும் உங்கள் மூத்த மகள்,
கஸ்தூரி