மாலைப் படிப்பறைக்கு ஒரு வாக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

குழந்தைகள் சேவைகளுக்கான அரசு நிதியை எதற்குக் கொடுக்கலாம் என்று ஆலோசனை சொல்லும் குழுவில் நான் மாணவ உறுப்பினர் அல்லவா? நேற்று, பன்னிரண்டு சின்னப் பிள்ளைகளும் நானும் தினமும் ஆறு மணிக்குப் போகும் மாலைப் படிப்பறையைத் தொடர்வதா என்று வாக்கெடுப்பு.

"அந்த அறைக்குப் போறவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று தலைவி கேட்டார். கையைத் தூக்கினேன்.

"அப்போ நீ வெளியே உட்காரும்மா. பயன் பெறுறவங்க வாக்குப் போடக் கூடாது, அதான் விதி."

"பல்லைக் கடிச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாமே!" என்று முணுமுணுத்தார் பக்கத்திலிருந்த இன்னொரு உறுப்பினரான பல் டாக்டர்.

ஒரே வாக்கில் படிப்பறை தோற்றது.

கவலை வேண்டாம், விதி சரியானதுதான். என் பழைய அகராதியை அனுப்புங்கள். அடுத்த வாரம் முதல் ஆறு மணிக்கு மேல் எப்போது அழைத்தாலும் எடுப்பேன்.

விடுதி மணி அடிக்கிறது.

உங்கள் மகள்