அரகோனீஸ் பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

ராயபுரத்தில் நின்றபடி இறால் உரித்துக் கெட்ட முட்டி இது. இனி நிற்கிற வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் திருவொற்றியூரில் இந்த நாற்காலி வேலை. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் சூப்பர்வைசர் ஜோபின் கதவைப் பூட்டிவிடுவான். மாலை வரை அவன் கார்டு இல்லாமல் திறக்காது.

"எங்கூட்டுக்காரரே என்னை இப்டி பூட்டி வெச்சதில்ல நைனா" என்றேன். சிரித்தான். திறக்கவில்லை.

மார்ச் 5

ஹெட்போனில் ஸ்பெயின் பக்கத்து ஜனங்கள் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வார்கள். மாதிரிக் குரலோடு ஒத்துப்பார்த்து, எந்த பாஷையோ, திரையில் அந்தப் பெட்டியை அமுக்க வேண்டும். ஸ்பானிஷ், கத்தலான், அரகோனீஸ் என்று அந்த ஊர் பாஷை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. அஞ்சாவது படித்தவளுக்குக் காது போதுமாம். ஒரே குரல் எங்கள் வரிசையில் மூன்று பேருக்கும் வரும் — எனக்கு, மகிழினிக்கு, ஃப்ளோரன்ஸுக்கு. இரண்டு பேர் அமுக்கினது சரி. மூன்றாம் ஆளுக்கு மார்க் வெட்டு. மாதக் கடைசியில் எண்பதுக்குக் கீழே இருந்தால் வேலை போச்சு.

ஒரு கிழவர் குரல் வருகிறது. சாவிக்கு 'க்லாவ்' என்கிறார். ஸ்பானிஷில் அது 'யாவே', கத்தலானில்தான் 'க்லாவ்'. கத்தலானா என்றால், இலைக்கு 'ஃபுவெல்யா' என்கிறார். கத்தலானில் 'ஃபுல்யா', ஸ்பானிஷில் 'ஓஹா'. இரண்டு பக்கமும் உறவு, இரண்டு வீட்டிலும் இடமில்லை. அரகோனீஸ் பெட்டியின் குரல் மட்டும் அச்சாகப் பொருந்தியது. அமுக்கினேன். வெட்டு.

மார்ச் 10

என் மார்க் எழுபத்தாறு.

"கெங்கம்மாக்கா, அந்தப் பெட்டியில யாரும் போடுறதில்ல. மாசம் முடிஞ்சா எடுத்துருவாங்க. ஸ்பானிஷ்ல போட்டுட்டுப் போங்க" என்றான் ஜோபின்.

"மொசராபிக்னு ஒண்ணு கீதே, அதுல போடவா?"

"அது செத்துப்போன பாஷைக்கா. பழைய பாட்டைப் படிச்சுக் காட்டுற குரல் மட்டும் அதுக்குள்ள வரும்."

"செத்ததுக்கே பெட்டி கீதா? உசுரோட கீற மனுசனுக்கு இல்லியா?"

அடுத்த வரிசைக்குப் போய்விட்டான்.

மார்ச் 11

டீ நேரத்தில் மகிழினியைக் கேட்டேன். "எனுக்கும் வேறயாதான் கேக்குதுக்கா. தனியா அமுக்குனா வெட்டு வுழுமேன்னு ஸ்பானிஷ்ல போட்டேன்" என்றாள். "அட லூசு. அப்போ நாம ரெண்டு பேர் கீறோம்ல? இனிமே சேந்து அரகோனீஸ்ல அமுக்குவோம்" என்றேன்.

மார்ச் 17

எனக்கு எண்பத்து நாலு. ஃப்ளோரன்ஸுக்கு எழுபத்தேழு. இப்போது மூன்றாம் ஆள் அவள்.

அவள் வீட்டுக்காரர் ஹார்பரில் விழுந்து இடுப்பொடிந்து படுக்கையில் கிடக்கிறார். "என் காதுல இன்னாக்கா கோளாறு?" என்று கேட்டாள். கிண்டல் செய்ய வாய் வரவில்லை.

மார்ச் 18

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கிழவர் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"எனுக்கு ஸ்பானிஷாதான்கா கேக்குது. கேக்காத ஒண்ண கேட்டேன்னு அமுக்க மாட்டேன்."

"மார்க்குக்காவது அமுக்குடி."

"அது பொய்க்கா."

மார்ச் 19

இன்னாத்துக்கு எனுக்கு இப்டி ஒரு காது?

மார்ச் 20

கிழவர் நாற்பது தடவை வந்தார். நாற்பதையும் ஸ்பானிஷில் போட்டேன். மகிழினியும்தான். நாங்கள் இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. வெளியே கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் அவர் குரல் கேட்காமல் போனது நல்லதாக இருந்தது.

ஏப்ரல் 1

திரையில் ஒரு பெட்டி குறைந்திருக்கிறது. ஃப்ளோரன்ஸுக்கு எண்பத்தொன்று. தோளைத் தட்டி, "பாத்தியாக்கா, நான்தான் அப்பவே சொன்னேனே, ஸ்பானிஷ்னு" என்றாள்.

"உன் காதுதான்டி காது" என்றேன்.